பதினோராவது குருத்து

கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோடிக்கணக்கான எழுத்துகளை ஒன்று விடாமல் எண்ணிவிடுவோம். கண்ணெதிரே கிடக்கும் பத்துப் பொட்டலத்தை எண்ண மாட்டோம். எனக்கு இது முற்றிப்போய், போடிநாயக்கனூரில் ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஏலக்காய் விவசாயிகள் முன்னால், கழுத்தில் மாலையோடு நிற்கும்போதுதான் குணமானது. மைக் வேறு ஆனில் இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. அப்போது மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக நாலாவது வருஷமாக உட்கார்ந்திருந்தேன். (“செல்வி இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கா” என்று ஊரில் என்ன குரலில் சொல்வார்கள் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.) என்ன படிக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதிலைக் கேட்டு, பாதிப் பேர் அடுத்த பஸ்சைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், பஸ் ஏறிவிடாதீர்கள். உயிருள்ள செல்லுக்குள் ஆர்.என்.ஏ. என்று நீளநீளமான எழுத்து வரிசைகள் இருக்கின்றன. அந்த வரிசையைப் படித்துப் புரதம் செய்து தருவது ரைபோசோம் என்கிற குட்டி இயந்திரம். ஆனால் எல்லா வரிசையையும் அது படிப்பதில்லை. ஒரே வரிசையிலும் ஒரு பகுதியைப் படிக்கும், மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். எந்தப் பகுதி நிஜமாகவே புரதமாகிறது, எது சும்மா கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குச் செல்லை ஒரே நொடியில் உறைய வைத்துவிட வேண்டும். இயந்திரங்கள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றுவிடும். அவற்றின் அடியில் மாட்டிக்கொண்ட துண்டுகளை மட்டும் எடுத்துப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், எந்தெந்த இடத்தில் வேலை நடந்தது என்று தெரிந்துபோகும்.

இதை என் மாமாவிடம் ஒருநாள் போனில் சொன்னேன். அம்மாவோடு பிறந்தவர். போடியிலிருந்து மலையேறினால் வரும் கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் ரெண்டு ஏக்கர் ஏலக்காடு வைத்திருக்கிறார்.

“அட, இம்புட்டுத்தானா?” என்றார். “திடீர்னு ஹர்த்தால்னு சொல்லி, போற வர்ற ஜீப்பெல்லாம் நின்ன எடத்துலயே நின்னுபோச்சுன்னு வையி. எந்த ரோட்டுல ஜீப்பு நிக்குதுன்னு பாத்தா, எந்த எஸ்டேட்ல சோலி நடக்குதுன்னு தெரிஞ்சுபோகும். அதான ஆத்தா ஒஞ்சோலி?”

அதேதான். நாலு வருஷமாக நான் படம் வரைந்து விளக்கியதை மனிதர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். ஒரே ஒரு சிக்கல், நிற்கிற ஜீப்பெல்லாம் சோலிக்குப் போன ஜீப் இல்லை. சிலது சும்மா ஓரங்கட்டி நிறுத்தியதாக இருக்கும். நிஜமாகப் படிக்கிற ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகத்தான் நகரும்; அதனால் அதன் தடங்கள் மூன்று எழுத்துக்கு ஒன்றாக ஒரு தாளக்கட்டோடு விழுந்திருக்கும். குப்பைக்குத் தாளம் கிடையாது. இந்தத் தாளத்தைத் தேடிப் பிடிப்பதற்கு நான் எழுதிய புரோகிராமுக்குக் ‘காலடி’ என்று பெயர் வைத்திருந்தேன். பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதிரி அத்தனை பெருமை.

என் வழிகாட்டிப் பேராசிரியைக்கு அந்தப் பெருமை இல்லை. “அடுத்தவங்க எடுத்த தரவுல எல்லார் புரோகிராமும் நல்லாத்தான் ஓடும்” என்றார் மேடம். “நீயே போய் ஒரு செடியை எடுத்துட்டு வா. யாரும் பாக்காத தரவுல காலடி சரியா ஓடுச்சுன்னா ஆய்வேட்டை எழுத ஆரம்பி. இல்லேன்னா இதைத் தூக்கி வச்சிட்டு வேற தலைப்பு பாரு.”

வேறு தலைப்பு என்றால் இன்னும் நாலு வருஷம்.

செடிக்கு நான் எங்கே போவேன், மாமாவைத் தவிர? முந்தின மழைக்குச் சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் அழுகல் நோய் விழுந்து நாசமானபோது, மாமாவின் ஒரு வரிசை ஏலச்செடித் தூர் மட்டும் அசையாமல் நின்றதாம். “அதுல என்னமோ இருக்கு ஆத்தா, வந்து எடுத்துட்டுப் போ” என்றார். உறைய வைப்பதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும், அதற்கு அலுமினியக் கேன் வேண்டும். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தக் கேனுக்குக் குழாயடிச் சண்டைதான் நடக்கும். யாரும் கேட்காத ஒரே நாள் பொங்கல். சரி, பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போன மாதிரியும் ஆச்சு என்று கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் கேன் தெரியாத சாமான் இல்லை. மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி மருந்தை அதில்தான் வைத்திருப்பார்கள். பஸ்சில் ஏறியதுமே கண்டக்டர் என்னை ‘டாக்டரம்மா’ ஆக்கி முன் சீட்டு கொடுத்தார். பக்கத்து சீட்டு அண்ணன் தேனி தாண்டியதும் மெல்ல ஆரம்பித்தார்.

“எங்க மாட்டுக்கு மூணு தடவ போட்டாச்சும்மா. சினை நிக்கவே மாட்டேங்குது.”

“அண்ணே, நான் மாட்டு டாக்டர் இல்லண்ணே. இது செடிக்கு.”

அவர் கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “செடிக்குமா போடுறாங்க?” என்று கேட்டுவிட்டு, போடி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

மாமாவின் ஜீப்பில் போடிமெட்டு வளைவுகளில் கேனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, பொங்கலன்று காலையில் தோட்டத்து வீட்டில் இறங்கினேன். முற்றத்தில் பானை அடுப்பில் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கொத்து, பக்கத்தில் கரும்பு. அத்தை ஒரு கையில் அகப்பையும் இன்னொரு கையில் போனுமாக, ஊரிலிருந்து அழைத்த அத்தனை பேருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். என் அத்தை காரியக்காரி. எந்த வேலையையும் ஒருமுறை பார்த்தால் போதும், செய்த ஆளைவிடச் சுத்தமாகச் செய்துவிடுவார். (இதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

நான் கேன் மூடியைத் திறந்தேன். வெள்ளைப் புகை புசுபுசுவென்று பொங்கி வழிந்து முற்றமெல்லாம் பரவியது. அடுப்பில் இருந்த பானை இன்னும் கொதிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அத்தை ஒரு நொடிதான் பார்த்தார். போனைக் கீழே வைத்துவிட்டுக் குலவை போட்டார்.

“பொங்கிருச்சு! ஒம் பானைதான்டி ஆத்தா மொதல்ல பொங்கியிருக்கு!”

சொன்னதோடு நிற்கவில்லை. மிச்சமிருந்த ஒரு மஞ்சள் கொத்தைக் கொண்டுவந்து கேன் கழுத்திலும் கட்டினார், குங்குமமும் வைத்தார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. படித்த படிப்புக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அது.

அடுப்புப் பானையும் பொங்கி இறங்கியதும், மாமாவும் அத்தையும் நானும் காட்டுக்குள் இறங்கினோம். பத்துத் தூரில், தூருக்கு ஒன்றாக இளங்குருத்தை விரல் நீளம் கிள்ளி, சில்வர் பேப்பரில் சுற்றி, இடுக்கியால் பிடித்துக் கேனுக்குள் விட்டேன். கிள்ளிய நொடியில் உள்ளே போய்விட வேண்டும், கை படக்கூடாது, அதுதான் முக்கியம். கேனைச் சுமந்து வந்த அத்தை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணியதைவிட அவர்தான் சத்தமாக எண்ணினார். பத்து முடிந்ததும் வீட்டுக்கு வந்து, கேனை அத்தை பொறுப்பில் முற்றத்தில் விட்டுவிட்டு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட உள்ளே போனேன். ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மதுரைக்குத் திரும்பிக் கேனைத் திறந்து பொட்டலங்களை எடுத்தேன். பதினொன்று இருந்தது.

நோட்டில் பத்து என்று எழுதியிருந்தேன். ஆராய்ச்சி செய்கிற எவளாக இருந்தாலும் இங்கே திடுக்கிட்டிருப்பாள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருப்பாள், போன் போட்டுக் கேட்டிருப்பாள். நான் பேனாவை எடுத்து, ‘பத்து’ என்பதை அடித்துவிட்டு ‘பதினொன்று’ என்று திருத்தினேன். பக்கத்தில் அழகாக இனிஷியலும் போட்டேன். உறைந்த பச்சைக் குருத்துகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. மொத்தத்தையும் ஒன்றாகப் போட்டு மாவாக இடித்தேன்.

சில வாரங்களில் தரவு வந்தது. காலடியை ஓடவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிவைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பழைய ஏலக்காய்த் தரவுகளில் எதிலுமே இல்லாத புத்தம்புதிய பகுதிகள்! அத்தனையிலும் மூன்றுக்கு ஒன்று என்று பிசிறில்லாத தாளம்! அதுவும் ஒன்று ரெண்டு இல்லை, முந்நூறுக்கு மேல்.

ஒன்று கிடைத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். முந்நூறு கிடைத்ததும் மேதையாகிவிட்டேன். இத்தனை வருஷமாக ஏலக்காயை ஆராய்ந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டா இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆமாம், மூடிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று தோன்றியது. உலகத்துச் செடிகளின் வரிசைகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற பொதுத் தளம் ஒன்று இருக்கிறது. அதில் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினால், இது வேறு எந்தச் செடியிலாவது இருக்கிறதா என்று சொல்லிவிடும். முதல் வருஷப் பிள்ளைகள்கூடச் செய்வார்கள். நான் செய்யவில்லை, மாமாவுக்குப் போன் செய்தேன்.

“மாமா, உங்க தூருல யாருமே பாக்காத புரதம் இருக்கு மாமா!”

“நாஞ் சொன்னேன்ல!” என்று மாமா போட்ட சத்தத்தில் போன் அதிர்ந்தது.

வெளியூர் போயிருந்த மேடத்துக்கு நல்ல சேதி இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன். அவர் திரும்பி வந்து முடிவைப் பார்ப்பதற்குள் மாமா வெரசாக வேலையை முடித்துவிட்டார். சிலமலை பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் ஏறியது. ‘ஏலத்தில் புதுமை கண்ட எங்கள் குலவிளக்கு!’ என்று என் படம், கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள் படம். போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் ஏற்பாடானது. அவசரத்துக்கு நான் வீட்டில் கொடுத்து வைத்திருந்த மேடத்தின் நம்பரை என் தம்பியிடம் வாங்கி, அவரையும் நேரடியாக அழைத்துவிட்டார். விவசாயிகளிடம் பேசுவது நல்லதுதானே என்று மேடமும் சம்மதித்தார். மதுரையிலிருந்து ஒரே காரில் போனோம்.

“அந்த வரிசையெல்லாம் என் லேப்டாப்புக்கு அனுப்பு, நேரம் கெடைக்கிறப்ப பாக்குறேன்” என்றார். பெருமையாக அனுப்பினேன்.

மண்டபத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் வரிசையில் முதல் நாற்காலியில் அத்தை, பட்டுச்சேலையில். எனக்கு ஏலக்காய் மாலை போட்டார்கள். எங்கள் ஊரில் அமைச்சர் வந்தால் போடுகிற மாலை. நல்ல பருவட்டாக, பெரிய பெரிய காயாகப் பார்த்துக் கோத்திருந்தார்கள், கழுத்து கனத்தது. நான் பேசினேன். எப்படிப் பேசினேன்! தாளம் என்றேன், தடம் என்றேன், ஹர்த்தால் ஜீப்பையும் மாமாவிடமிருந்து கடன் வாங்கி விட்டுக் கைதட்டு வாங்கினேன். “இனி உலகம் போடியைத் திரும்பிப் பார்க்கும்” என்கிற வரிக்கு விசிலே பறந்தது.

மேடையில் உட்கார்ந்திருந்த மேடம் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பொத்தானைத்தான் அமுக்கியிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலில் அவர் புருவம் ஏறியது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து என்னிடம் வந்து, காதோரம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

“செல்வி, ஏலக்குருத்தோட மஞ்சள் எதையும் சேத்து அரைச்சியா?”

தணிந்த குரல்தான். ஆனால் மைக் எங்கள் ரெண்டு பேர் வாய்க்கும் நடுவில் இருந்தது. மண்டபம் பூராவும் கணீரென்று கேட்டது.

“இல்லையே மேடம்” என்றேன். அதுவும் கேட்டது.

“நீ புதுசுன்னு சொல்றது அத்தனையும் மஞ்சள் செடியில இருக்கு. ஒண்ணு விடாம இருக்கு.”

ஏலமும் மஞ்சளும் ஒரே குடும்பத்துச் செடிகள், குருத்தும் பார்வைக்கு ஒரே மாதிரி. அதெல்லாம் தெரியும். ஆனால் மஞ்சள் எங்கிருந்து வந்தது? நான் முழித்துக்கொண்டு நிற்கும்போது, பெண்கள் வரிசையில் முதல் நாற்காலி நகர்ந்தது.

“மஞ்சளாம்மா? அது நாந்தாம்மா போட்டேன்!”

அத்தை எழுந்து நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கண்டுபிடிப்பில் தனக்கும் பங்கிருக்கிறது, அதை மதுரைப் பேராசிரியையே சபையில் விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

“எண்ணிப் பாத்தேம்மா, பத்தா இருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா, பொம்பளப்புள்ள தாய்மாமன் வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போறத ரெட்டப்படையிலயா குடுத்துவிடுவாங்க? கேன் கழுத்துல கட்டுன கொத்துலயே எளங்குருத்தா ஒண்ணு கிள்ளி, இவ சுத்துன மாதிரியே சில்வர் பேப்பர்ல சுத்தி, இடுக்கியில புடிச்சு உள்ள விட்டேன். சுத்தமா இருக்கணும்னாளேன்னு கைகூடப் படலம்மா!”

பின்வரிசையில் ஒருவர் கெக்கெக்கே என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், இருநூறு பேரும் சிரித்தார்கள். “ஏம்ப்பா, அப்ப ஏலக்காய் மாலையக் கழட்டிட்டு மஞ்சள் மாலை போடுங்கப்பா!” என்று யாரோ கத்தினார்கள். மாமா எழுந்து “கேசரி ரெடி, எல்லாரும் சாப்புடப் போங்க” என்று கூட்டத்தைக் கலைக்கப் பார்த்தார். யாரும் போகவில்லை. கேசரியைவிட இது நன்றாக இருந்தது.

நான் சமையல்கட்டுப் பக்கம் ஓடிப்போய், கவிழ்த்து வைத்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதேன். நாலு வருஷம் போயிற்று, காலடி போயிற்று, அடுத்த தலைப்புக்கும் இந்த மூஞ்சியோடு போக முடியாது. அத்தை பின்னாலேயே வந்தார். பட்டுச்சேலையைப் பற்றிக் கவலைப்படாமல் ஈரத் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.

“நாந்தான் கெடுத்துப்புட்டேனா ஆத்தா? எம்மேல கோவமா?”

கோபம் இருந்தது, ஆனால் அவர் மேல் இல்லை. அவர் எண்ணினார். எண்ணிக்கை தப்பென்று பட்டதும் தனக்குத் தெரிந்த முறையில் சரிசெய்தார். நான் எண்ணி, தப்பென்று தெரிந்தும் நோட்டைத் திருத்தினேன். குனிந்து அத்தையின் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மேடம் ரெண்டு கையிலும் டீயோடு வந்தார்.

“அழுது முடிச்சிட்டியா? ஒரு விஷயம் சொல்றேன். உன் புரோகிராம்கிட்ட உள்ள மஞ்சள் இருக்குன்னு யாருமே சொல்லல. தாளத்தை மட்டும் வச்சு அதுவாப் பிடிச்சிருக்கு. மஞ்சள்ல எதெது புரதமாகுதுன்னு ஏற்கெனவே தெரியும், அதோட ஒப்பிட்டுப் பாத்தேன். பொருந்துது. புரோகிராம் பாஸ். நீதான் ஃபெயில்.”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “அப்ப நான் பாஸா ஃபெயிலாம்மா?”

“நீங்க பரீட்சை வச்சவங்க” என்றார் மேடம்.

இப்படியாக, என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் மஞ்சளுக்குப் போனது. விசேஷம் ஏதும் இல்லாத மாசமாகப் பார்த்து மறுபடியும் மலைக்குப் போய்க் குருத்து எடுத்தேன். அத்தைக்குச் சங்கடம் வேண்டாம் என்று இந்தத் தடவை நானே பதினொன்றாகக் கிள்ளினேன். பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், “அதென்ன கணக்கு பதினொன்று?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் “அது அந்தப் பகுதி வழக்கம் சார்” என்று முடித்துவிட்டார். மாமாவின் தூர் ஏன் அழுகவில்லை என்பது மட்டும் காலடிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. (மாமாவுக்குத் தெரியும். ‘கைராசி’ என்கிறார்.) அந்த ஃபிளெக்சை அவர் வீணாக்கவில்லை. தோட்டத்து வீட்டில் விறகு நனையாமல் மூட, மழைக்கு மழை என் முகம்தான் பயன்படுகிறது.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். நலங்கு வைக்க மணையில் உட்கார வைத்தார்கள். முதல் ஆளாக அத்தை வந்தார். கிண்ணத்து மஞ்சளை ரெண்டு உள்ளங்கையிலும் குழைத்து, என் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“இது என்னான்னு சொல்லு ஆத்தா. அப்புறம் பூசுறேன்.”

“மஞ்சள் அத்தே.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. பூசுனதுக்கப்புறம் ஏலக்காய்னு மேடை ஏறிச் சொல்லப்படாது.”

எங்கள் பக்கத்து ஜனம் விழுந்து விழுந்து சிரிக்க, மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏதென்று கேட்டார்கள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹர்த்தால் ஜீப்பிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு வந்தது வினை. இப்போது தினமும் மத்தியானம் என் இலையில் சாம்பாரை ஊற்றுவதற்கு முன்னால், என் மாமியார் கரண்டியை நிறுத்தி ஒரு தடவை சொல்லிவிடுகிறார்: “மஞ்சள் போட்டிருக்கும்மா. நான் சொல்லிட்டேன்.”